கேள்வி இல்லை என்கிறாய், வீட்டுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதே

வாசகர் கேள்வி: அக்கா, நான் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியை, அதாவது படுகர் ஊரைச் சேர்ந்தவள். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு இன்ஜினியரிங் கன்சல்டன்சி எங்கள் காலேஜில் 12 பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒரு மென்டார், அதாவது வழிகாட்டி, கொடுத்திருக்கிறார்கள். மாதம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். முதல் மீட்டிங்கில் சார் "எதில் இன்ட்ரஸ்ட்?" என்றார். "ஸ்ட்ரக்சுரல்", அதாவது கட்டட அமைப்பு டிசைன், என்றேன். "ஏன்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அடுத்த தடவை என்ன கேட்பது? வேலை கேட்கலாமா? அப்பா ஐ.டி.க்குப் போ என்கிறார், சைட் வேலை பெண்களுக்கு ஒத்துவராது என்றும் எல்லோரும் சொல்கிறார்கள். 2009 மழையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மண் சரிந்து, அப்புறம் சுவர் கட்டினார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததைத் தவிர எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் என்று எதுவும் இல்லை.

பதில்:

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, பரவாயில்லை, அக்காவாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அதனால் நீ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

முதலில் அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி. உன் சார் அன்றைக்கு போனை வைத்துவிட்டு "இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று நினைத்திருப்பார் என்றுதானே நீ பயப்படுகிறாய்? அவர் பெரும்பாலும் "நான் சரியாகப் பேசவில்லையோ" என்று யோசித்திருப்பார். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள், அதனால் சொல்கிறேன். குன்னூரில் சின்னதாக ஒரு ஆபீஸ் வைத்து மண் பரிசோதனையும் மலைச்சரிவு வேலைகளும் பார்க்கிறேன், இடையில் சில வருஷம் மாணவர்களுக்கு மென்டாராகவும் இருந்திருக்கிறேன். முதல் வருஷம் எனக்குக் கிடைத்த பையனிடம் ஐம்பது நிமிஷம் நானே பேசினேன். நான் எங்கே படித்தேன், எந்த புராஜெக்ட் பார்த்தேன், இந்தக் காலத்துப் பிள்ளைகள் எப்படி இருக்க வேண்டும், எல்லாம். பாவம், தலையாட்டிக்கொண்டே இருந்தான். அடுத்த மீட்டிங்குக்கு வரவேயில்லை. ரொம்ப நாள் தப்பு அவனுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு பெண் வந்தாள். வணக்கம் சொன்ன கையோடு போனை நீட்டி, "மேடம், இது எங்க மாமா வீட்டுச் சுவர், இந்த விரிசல் மேலே அகலமா, கீழே வர வர மெலிசா இருக்கு, ஏன்?" என்று கேட்டாள். கட்டடத்தின் ஓரம் ஒன்று கீழே இறங்கும்போது அப்படி வரும் என்று ஆரம்பித்தேன். எந்த ஓரம், பக்கத்தில் குழி தோண்டினார்களா, கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று போய், ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாகிவிட்டது. அவள் என்னிடம் எதிர்காலத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவளைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்தப் பையனைப் பற்றி ஒரு வருஷம் ஆகியும் தெரிந்திருக்காது.

இன்ஜினியர்களுக்கு எதிர்காலத்தைப் பற்றிப் பேச வராது. ஒரு சுவரைக் காட்டு, ஒரு டிராயிங்கை விரி, வாய் தானாகத் திறக்கும். உன் சாரும் அப்படித்தான் இருப்பார்.

இப்போது உன் கடிதத்தின் கடைசி வரிக்கு வருகிறேன். "அதைத் தவிர எக்ஸ்பீரியன்ஸ் இல்லை" என்று எழுதியிருக்கிறாயே, அந்த "அதை" இருக்கிறதே, நான் மென்டாராக இருந்தால் ஆறு மாதமும் அதை மட்டுமே வைத்து ஓட்டிவிடுவேன். 2009 நவம்பரில் நம் நீலகிரி மாவட்டத்தில் சில நாள் மழையில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். உனக்கு அப்போது நாலு வயதோ ஐந்து வயதோ. அதற்குப் பிறகு கட்டிய சுவர் பதினைந்து வருஷத்துக்கு மேலாக உன் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. அதை நீ எத்தனை மழையில் பார்த்திருக்கிறாய்! சமவெளியில் படித்து வேலைக்கு வரும் ஒருவர் ஒரு தடுப்புச் சுவரை டிசைன் செய்துவிட்டுப் போவார், அதை மறுபடி பார்க்கவே மாட்டார். நீ அதோடு குடித்தனம் நடத்துகிறாய்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது, நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் போய் அந்தச் சுவரைப் பார். சுவரில் தண்ணீர் வடிவதற்கு வரிசையாக பைப் துண்டுகள் வைத்திருப்பார்கள், வீப் ஹோல் என்று படித்திருப்பாய். அதில் எத்தனை சொட்டுகிறது, எத்தனை காய்ந்து கிடக்கிறது என்று எண்ணு. சுவர் முகம் ஈரமாகக் கசிந்துகொண்டிருக்கும்போது பைப் மட்டும் காய்ந்திருந்தால் அது அடைத்துக்கொண்டது என்று அர்த்தம், தண்ணீர் பின்னாலேயே நிற்கிறது. இது என்ன பெரிய விஷயமா என்று கேட்பாய். மூன்று மீட்டர் உயரச் சுவர் என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார். மண்ணின் உராய்வுக் கோணம் 30 டிகிரி, எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன், மண் சுவரைத் தள்ளும் விசையைக் கணக்கிடும் ரான்கைன் ஃபார்முலா உனக்கு வந்திருக்கும். மண் வடிந்து நிற்கும்போது ஒரு மீட்டர் நீளச் சுவரை அது சுமார் 2.7 டன் விசையோடு தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் மேல்மட்டம் வரை நின்றுவிட்டால் தண்ணீர் மட்டுமே தனியாக 4.5 டன் தள்ளும், மண்ணின் பங்கையும் சேர்த்தால் ஆறு டன்னைத் தொட்டுவிடும். சுவர் அதே சுவர்தான், கல்லும் அதே கல், கம்பியும் அதே கம்பி. பைப்புகள் அடைத்ததில் சுமை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. மழைக்காலத்தில் நம் ஊரில் சுவர்கள் விழுவதற்குப் பாதி நேரம் காரணம் இதுதான், கான்ட்ராக்டர் சிமென்ட் குறைத்துவிட்டான் என்று டீக்கடையில் பேசிக்கொள்வார்கள், அதுவும் சில இடத்தில் உண்டுதான், ஆனால் நான் போய்ப் பார்த்த பல சுவர்களில் சிமென்ட் சரியாகவே இருந்தது, பின்னால் தண்ணீர் வடிய ஜல்லி நிரப்பவில்லை, தோண்டிய சிவப்பு மண்ணையே திரும்பக் கொட்டி மூடியிருந்தார்கள்.

இந்தக் கணக்கை ஒரு பக்கத்தில் எழுதி, இரண்டு போட்டோவோடு உன் சாருக்கு அனுப்பு. கணக்கில் தப்பு இருந்தால் இன்னும் நல்லது, திருத்துவார், பேச்சு வளரும். ஐ.எஸ். 14458 என்று மலைப் பகுதித் தடுப்புச் சுவர்களுக்கென்றே ஒரு தர ஆவணம் இருக்கிறது, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முழுதும் படிக்க வேண்டாம், எந்த உயரத்துக்கு எந்த மாதிரிச் சுவர் என்று சொல்லும் முதல் பாகத்தை மட்டும் புரட்டு. "சார், இது இப்படிச் சொல்கிறது, எங்கள் வீட்டுச் சுவர் இப்படி இருக்கிறது, நீங்கள் இன்றைக்குக் கட்டினால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேள். இன்னொன்றும் சேர்த்துக்கொள்: நம் மாவட்டத்தில் அனுமதி வாங்காமல் ஜே.சி.பி. கொண்டுவந்து மலையை வெட்ட முடியாது என்பது உனக்குத் தெரியும், கோயம்புத்தூர், சென்னையில் உட்கார்ந்து டிசைன் செய்பவருக்கு அது சட்டென்று நினைவுக்கு வராது. "மெஷின் இல்லாமல், நாலு ஆள் மண்வெட்டியோடு செய்ய வேண்டுமென்றால் உங்கள் டிசைன் எப்படி மாறும்?" என்று கேட்டால் அவரே கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும். மென்டாரை யோசிக்க வைப்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, அவருக்கும் அந்த ஒரு மணி நேரம் வீணாகாமல் போகும்.

வார இறுதியில் பஸ்ஸில் மலை ஏறும்போது என்ன செய்கிறாய்? தூக்கமா, போனா? நான் உன் வயதில் தூங்கினேன், வாந்திக்குப் பயந்து. முடிந்தால் மலைப் பக்கத்து ஜன்னல் சீட்டைப் பிடி. நம் மாவட்டச் சாலைகளில் சில இடங்களில் நெடுஞ்சாலைத் துறை சரிவுக்குள் நீளமான கம்பிகளை இறக்கி, சிமென்ட் கூழால் பிடித்து, மேலே வலை போர்த்தி, புல் விதையைக் கரைசலாகத் தெளித்து வைத்திருக்கிறார்கள், சாயில் நெயிலிங் என்பார்கள். அதற்குப் பக்கத்திலேயே பழைய கருங்கல் சுவர் இருக்கும், இன்னொரு வளைவில் கம்பிக் கூண்டில் கல் அடுக்கிய கேபியன் இருக்கும். ஒரே மலைப்பாதையில் மூன்று விதம். ஏன் அங்கே அது, இங்கே இது? இந்த ஒரு கேள்வி ஒரு முழு மீட்டிங்குக்குப் போதும்.

சரி, "ஸ்ட்ரக்சுரல்" என்று சொன்னாயே, அது உண்மையா? கிளாஸில் எல்லோரும் சொல்வதால் வாயில் வந்ததா? எதுவானாலும் கெட்டுப்போகவில்லை. ஆனால் அடுத்த தடவை அதைக் காப்பாற்றிக்கொண்டு உட்காராதே. "போன தடவை நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை, எல்லோரும் சொல்வதைத்தான் சொன்னேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிடு. ஒளிவு மறைவில்லாமல் சொன்ன மாணவர்களை நான் மறந்ததில்லை. அப்புறம், மலையில் ஸ்ட்ரக்சுரல் வேறு, மண் வேறு என்று பிரிக்கவும் முடியாது. ஊட்டி பக்கம் முத்தொரையில் 1970-லிருந்து இருக்கும் ரேடியோ தொலைநோக்கியை ஸ்கூல் டூரில் பார்த்திருப்பாய். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், அதை வடக்கு தெற்காக ஒரு மலைச்சரிவின் மேலேயே கிடத்தியிருக்கிறார்கள், ஏனென்றால் அந்தச் சரிவு சுமார் 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் அதேதான், அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, ஒரே பக்கமாகச் சுழற்றினாலே வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்கில் தொடர முடிகிறது. முதலில் மலையைத் தேடினார்கள், அப்புறம்தான் இரும்பு வந்தது.

இன்னொரு கேள்வி கட்டாயம் கேள்: "சார், நீங்கள் செய்த தப்பு எது?" முதல் நாளே கேட்காதே, மூன்றாவது மீட்டிங்கில் கேள். நல்ல இன்ஜினியராக இருந்தால் ஒன்று சொல்வார். என்னைக் கேட்டால் நான் சொல்வது இதுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், மலையில் ஒரு கட்டடத்துக்கு போர் போட்டு மண் பார்க்க என்னை அனுப்பினார்கள். மண் எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் எஸ்.பி.டி. டெஸ்ட் தெரியும்தானே, 63.5 கிலோ சுத்தியல், 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும், முதல் 15 சென்டிமீட்டரை விட்டுவிட்டு அடுத்த 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி என்று எண்ண வேண்டும். மழை, குளிர், நான் ஜீப்பில் உட்கார்ந்துகொண்டேன், துளை போடும் ரிக் மெஷினை ஓட்டிய ரிக் அண்ணன் சொன்ன நம்பரை எழுதிக்கொண்டேன். ஆறு மீட்டரில் சுத்தியல் இறங்கவே இல்லை. "மேடம், பாறை வந்தாச்சு" என்றார். நானும் பாறை என்று எழுதினேன். மழைக்கு எல்லோருக்கும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது அது பாறையே இல்லை, மண்ணுக்குள் மிதந்துகொண்டிருந்த ஒரு பெரிய உருண்டைக்கல், அதற்குக் கீழே மறுபடியும் மண். நீலகிரியில் சார்னோகைட் பாறை சிதையும்போது நடுவில் கெட்டியான கற்கள் அப்படியே தங்கிவிடும், இது எங்கள் மேல் அதிகாரிகளுக்குத் தெரியும், ரிக் அண்ணனுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை, டிகிரி வைத்திருந்தேன் அல்லவா. பாறைக்குள் மூன்று மீட்டராவது துளைத்துக் கோர், அதாவது உருளையான பாறைத் துண்டு, எடுத்துப் பார்க்காமல் பாறை என்று எழுதக் கூடாது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். கட்டடம் எழும்பும் முன்னால் தெரிந்ததால் டிராயிங்கை மாற்றினார்கள், நஷ்டம் பணத்தோடு போயிற்று. மானேஜர் கூப்பிட்டுத் திட்டியதெல்லாம் மறந்துவிட்டது. ஜீப் கண்ணாடியில் வழிந்த அந்த மழை மட்டும் மறக்கவில்லை.

இதை எதற்கு இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், கம்பெனி கொடுக்கும் மென்டார் ஒருவர்தான். அவர் கன்சல்டன்சியில் இருப்பதால் அவருக்குக் கன்சல்டன்சி உலகம் தெரியும், சைட் தெரியாமல் இருக்கலாம், அரசு வேலை தெரியாமல் இருக்கலாம். அவர் சொல்வதையே தொழில் முழுக்க இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதே. உன் ஹட்டியில் சுவர் கட்டிய மேஸ்திரி இன்னும் இருந்தால் அவரிடமும் ஒரு டீ சாப்பிட்டுக்கொண்டே பேசு. அந்த வருஷம் எந்தப் பக்கம் முதலில் இறங்கியது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவரும் உன் அம்மாவும் சொல்வது எந்த ரிப்போர்ட்டிலும் இருக்காது.

வேலை கேட்கலாமா என்றாய். கம்பெனி இதை எதற்கு நடத்துகிறது என்று முதலில் புரிந்துகொள். சும்மா தர்மத்துக்கு இல்லை. கேம்பஸ் இன்டர்வியூவில் இருபது நிமிஷத்தில் ஒருவரை எடைபோட்டு வேலைக்கு எடுத்து, ஒரு வருஷத்தில் அவர் போய்விட்டால் அவர்களுக்கு நஷ்டம். ஆறு மாதம் 12 பேரைப் பார்த்தால் யார் தேறுவார்கள் என்று தெரிந்துவிடும். அதில் தப்பே இல்லை, நீயும் அவர்களைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாய்? அவசரப்பட்டு இரண்டாவது மீட்டிங்கில் "சார், எனக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்டால் மனிதர் சங்கடப்படுவார், ஏனென்றால் வேலை கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது. அதற்குப் பதில் நான்காவது மாதம் வாக்கில், "லீவில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை, யாரிடம் விண்ணப்பிக்க வேண்டும்?" என்று நேராகக் கேள். அதற்கு அவரால் பதில் சொல்ல முடியும். படிப்பு முடிந்த பிறகு ஒரு வருஷ அப்ரென்டிஸ் பயிற்சியும் இருக்கிறது, 1961-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் வருவது, உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது, அதனால் சின்னக் கம்பெனிகளும் எடுக்கத் தயங்குவதில்லை. அவர்கள் கம்பெனி அதில் பதிவு செய்திருக்கிறதா என்றும் கேட்டுவை. பயிற்சிக் கட்டணம், சர்டிபிகேட் கட்டணம் என்று யாராவது உன்னிடம் பணம் கேட்டால் மட்டும் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடு.

ஐ.டி. விஷயத்தில் உன் அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதே. பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் எப்படி இருக்கும் என்று தெரியாமலே உன்னைப் படிக்க வைத்தவர், மாதாமாதம் நிச்சயமாக வரும் சம்பளத்தைத்தான் அவர் விரும்புவார். சிவிலில் ஆரம்பச் சம்பளம் குறைவு, ஏறுவதற்கும் வருஷம் பிடிக்கும், இதை நான் மறைத்தால் உனக்குத் துரோகம் செய்த மாதிரி. உன் மென்டாரிடம் இரண்டு கேள்வி கேட்டு அந்தப் பதிலை அப்பாவிடம் அப்படியே சொல்: "முதல் ஐந்து வருஷத்தில் சம்பளம் எந்த அளவில் தொடங்கி எந்த அளவுக்குப் போகும்?", "உங்களோடு படித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் சிவிலில் இருக்கிறார்கள், போனவர்கள் ஏன் போனார்கள்?" இரண்டாவது கேள்விக்கு அவர் கொஞ்சம் நிறுத்தித்தான் பதில் சொல்வார், அந்த நிறுத்தத்தையும் கவனி. கேட்டுவிட்டு ஐ.டி.தான் என்று முடிவு செய்தால் அதுவும் சரியான முடிவுதான், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் யாரிடமும் கேட்காமலே போகாதே.

சைட் பெண்களுக்கு ஒத்துவராது என்பவர்களில் எத்தனை பேர் சைட்டில் நின்றவர்கள் என்று எண்ணிப் பார். மலையில் முதுகில் தேயிலை மூட்டையோடு ஏறி இறங்குவது யார், உன் அம்மாவா, அந்தப் பேச்சுப் பேசுகிறவர்களா? கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: கழிப்பறை இருக்காது, இரவு ஏழு மணிக்குக் கான்கிரீட் முடிந்தால் திரும்ப வண்டி இருக்காது, தங்குமிடம் இருக்காது. எனக்கு முதல் மூன்று வருஷம் சைட் என்றால் காலையில் தண்ணீர் குடிக்காமல் போவது என்று அர்த்தம், அது வீரம் இல்லை, உடம்புக்குக் கேடு. அதனால் கேட்க வேண்டியதை வெட்கப்படாமல் கேள்: "உங்கள் கம்பெனியில் சைட்டுக்குப் போகும் பெண் இன்ஜினியர் இருக்கிறாரா, அவரிடம் பத்து நிமிஷம் பேச முடியுமா?" அப்படி யாருமே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-லிருந்து சட்டம், அதைத் தெரிந்து வைத்துக்கொள். மென்டார் நேரம் கெட்ட நேரத்தில் போன் செய்தாலோ, பேச்சு வேலையை விட்டு வேறு பக்கம் போனாலோ, காலேஜில் இதைக் கவனிக்கும் பேராசிரியரிடம் அன்றைக்கே சொல். பெரும்பாலும் அப்படி நடக்காது, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்த மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்னால் இந்த மாதிரி ஒரு மெயில் போடு, தமிழில் யோசித்து உனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுது, இலக்கணத்தை அவர் பார்க்க மாட்டார்: "சார், எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தடுப்புச் சுவரின் இரண்டு படங்கள், அளவுகள், நான் போட்ட கணக்கு இணைத்திருக்கிறேன். மூன்று இடத்தில் சந்தேகம். வீப் ஹோல்களில் பாதி காய்ந்திருக்கின்றன, இது ஆபத்தா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்." அவ்வளவுதான். மீட்டிங் முடிந்த அன்று ராத்திரியே அவர் சொன்னதை ஐந்து வரியில் எழுதித் திருப்பி அனுப்பு, அடுத்த மாதம் அங்கிருந்து தொடங்கலாம்.

படங்களை எனக்கும் அனுப்பு, பார்க்கிறேன். பாதிக்கு மேல் ஓட்டைகள் காய்ந்திருந்தாலோ, சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தாலோ மீட்டிங் வரைக்கும் காத்திருக்காதே, அப்பாவிடம் சொல்லி முதலில் சுவருக்கு மேலே இருக்கும் வாய்க்காலைச் சுத்தம் செய்யச் சொல், மழை கனக்கும் ராத்திரிகளில் பின்பக்கத்து அறையில் யாரும் படுக்க வேண்டாம்.